மாமன் சேலையும் பதினாறு எண்களும்

அக்காவின் கடிதம் வந்த அன்று கொடைக்கானலில் மூன்றாம் நாளாக வெயில் இல்லை. கேட்டில் தொங்கும் தபால் பெட்டிக்குள் ஈரம் இறங்கி, உறையின் ஒரு மூலை ஊறிப்போயிருந்தது. முகவரியில் என் பெயர் மட்டும் கரைந்திருந்தது. பங்களாவின் பெயர் தப்பித்ததால் கடிதம் வந்து சேர்ந்துவிட்டது.

கடைசிப் பெண்ணுக்குக் கல்யாணம் என்று எழுதியிருந்தாள். நாற்பத்தொரு நாள் இருந்தது. வா என்று எழுதவில்லை. கடல் தாண்டி வர எனக்கு வழியில்லை என்பது அவளுக்குத் தெரியும். தாளில் இடம் தீர்ந்த பிறகு ஓரத்தில் சாய்த்து இரண்டு வரி எழுதியிருந்தாள். "பெரியவளுக்கும் நடுவுளவளுக்கும் பக்கத்து லயத்து ஆள்தான் மாமன் தட்டைத் தூக்கினான். இவளுக்கும் அப்படியே ஆகட்டும். நீ மனசைப் போட்டு வருத்திக்காதே."

அந்த இரண்டு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் தட்டில் வைத்துக் கொண்டுவரும் சேலையை உடுத்திக்கொண்டுதான் பெண் மணவறைக்கு வருவாள். மாமன் இல்லாவிட்டால் தாயே ஒரு சேலையை வாங்கி, வேறு யாரையாவது தூக்கச் சொல்வாள். பார்ப்பவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள். எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். அக்கா அப்படி இரண்டு முறை நின்றுவிட்டாள்.

எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது அப்பா அம்மாவோடு கப்பலேறி இந்தப் பக்கம் வந்தேன். அதற்கு முந்தின வருடம்தான் அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அவள் புருஷனுக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது. எங்களுக்கு இந்தியா என்று எழுதி வந்தது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான ஒரே லயத்தில், ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தவர்கள் அப்படிப் பிரிந்தோம். பெரும்பாறைக்குக் கீழே காப்பித் தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் வேலை செய்தே முடிந்தார்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்கப் போன இரண்டு இடத்திலும் நான் வாயே திறக்கவில்லையாம். அதற்குப் பிறகு யாரும் கூட்டிப் போகவில்லை. பிறகு கொடைக்கானலில் இந்தப் பங்களாவைப் பார்த்துக்கொள்ள வந்தேன். சொந்தக்கார அம்மா சென்னையில் இருக்கிறார். மே மாதம் மட்டும் குடும்பத்தோடு வருவார். மற்ற மாதங்களில் பதினோரு அறைகளுக்கு நான் ஒருவன். சில நாள், பகல் பதினொரு மணிக்குப் பால்காரர் வரும்போதுதான் வாயிலிருந்து முதல் சொல் வரும். அது சில சமயம் உடனே வராது. தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டும்.

சென்னை அம்மா போனில் பேசும்போது தயங்கித் தயங்கிச் சொன்னேன். "இதுக்கு ஏன் இப்படி இழுக்கறே? கம்ப்யூட்டர்ல சேலை எடுத்தா இலங்கையிலேயே கொண்டுபோய்க் குடுக்கற கடை இருக்கு. உன்கிட்டதான் பேங்க் கார்டு இருக்கே" என்றார். சம்பளம் போடுவதற்காக அவர்தான் எனக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்திருந்தார்.

அந்தக் கார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களுக்குக் கார்டு என்பது காட்டுவதற்கு உள்ளது. கப்பலில் காட்டினோம், முகாமில் காட்டினோம், ரயிலில் காட்டினோம், தோட்டத்தில் பெயர் பதியக் காட்டினோம். இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்குக் கொடுத்த குடும்பக் கார்டின் எண்ணை அப்பா எனக்கு வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்வித்தார். வரிசையில் நிற்கும்போது எண்ணைச் சத்தமாக, தடங்கல் இல்லாமல் சொல்ல வேண்டும். முனகினால் அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிடும் என்பார். எந்த மனு கொடுத்தாலும் கார்டின் நகல் வைக்க வேண்டும். அதனால் கையில் எப்போதும் நகல் இருக்க வேண்டும். பேங்க் கார்டு வந்தபோதும் நான் அதைத்தான் செய்தேன். பதினாறு எண்ணையும் நாலு நாலாகப் பிரித்து மனப்பாடம் செய்தேன். ஜெராக்ஸ் கடையில் முன்னும் பின்னுமாக ஐந்து நகல் எடுத்து, குடும்பக் கார்டு நகல்களோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தேன்.

பஸ் நிலையத்துக்கு மேலே, ஸ்வெட்டர் கடைகளுக்குப் பின்னால் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அதற்குள் நுழைய எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அதை நடத்தியவர் என்னைவிடச் சில வயது இளைய பெண்மணி. முன்பு ஏதோ பள்ளி அலுவலகத்தில் டைப் அடித்தவராம். மூன்றாம் முறை வாசலைக் கடந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்னண்ணே, அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துக்கிட்டே இருக்கீங்க? உள்ள வர டிக்கெட் எல்லாம் கெடையாது."

உள்ளே போனேன். "சேலை எடுக்கணும்ங்க" என்றேன்.

"சேலையா? ஜவுளிக்கடை கீழ கெடக்குண்ணே."

"இல்லைங்க. இலங்கைக்கு. எங்க அக்கா மகளுக்குக் கல்யாணம். மாமன் சேலை."

அவர் முகம் கொஞ்சம் மாறியது. நாற்காலியை இழுத்துப் போட்டார். தேடியபோது முதலில் வந்த கடையில் சேலைகள் பாதி விலைக்கும் குறைவாக இருந்தன. அரக்குச் சிவப்பில் ஒன்றைக் காட்டினேன். அவர் அழுத்த அழுத்த, கட்டங்கள் வந்தன. பெயர் கேட்டது, முகவரி கேட்டது, கார்டு எண் கேட்டது.

நான் எழுந்து நின்றேன். எனக்கே தெரியாமல் எழுந்துவிட்டேன். சாதாரணமாக என் பேச்சு பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. ஆனால் எண் மட்டும் அப்பா பழக்கிய குரலில் கணீரென்று வந்தது. எட்டு எண் சொல்வதற்குள் அங்கே உட்கார்ந்திருந்த நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பெண்மணி மேஜையைத் தட்டினார்.

"அண்ணே, நிறுத்துங்க! பள்ளிக்கூடத்துல ஒப்பிக்கிறாப்புல ஒப்பிக்கிறீங்க? இதெல்லாம் ஊருக்குச் சொல்ற நம்பரா?"

உட்கார்ந்தேன். காது சுட்டது. அவர் திரையைப் பார்த்தபடி குரலைத் தாழ்த்தினார். "உங்களச் சொல்லிட்டு நானும் பாக்காம இருந்துட்டேன் பாருங்க. கடைசிக் கட்டத்துல ஏடிஎம் பின் கேக்குது. துணி விக்கிறவனுக்கு அது எதுக்கு? ஜவுளிக்கடையில சேலைக்குக் காசு குடுப்பீங்க. வீட்டுச் சாவியக் குடுப்பீங்களா? மேல முகவரி ஓரத்துல பூட்டுப் படமும் இல்ல. இவன் கடைக்காரனே இல்லண்ணே."

அதை மூடினார். சென்னை அம்மா சொன்ன கடையின் பெயரை நான் எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்து, எழுத்து எழுத்தாக அடித்தார். அந்தக் கடையில் பூட்டுப் படம் இருந்தது. விலையும் கடை விலையாக இருந்தது. அரக்குச் சிவப்பு அங்கேயும் இருந்தது. சேர்ப்பதற்குப் பத்து நாள் ஆகும் என்று போட்டிருந்தது. இனி எண்ணைச் சத்தமாகச் சொல்லக்கூடாது என்பதால், நான் உறையிலிருந்து ஒரு நகலை எடுத்து மேஜையில் வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இது என்னண்ணே?"

"நகலுங்க."

"அது தெரியுது. எதுக்கு எடுத்தீங்க?"

"யாராச்சும் கேட்டா குடுக்கறதுக்குங்க."

"எத்தன எடுத்தீங்க?"

"அஞ்சு."

அவர் உறையை வாங்கி விரித்தார். "மூணுதான் இருக்கு."

போன மாதம் பெரும்பாறைப் பக்கம் ஒருவர் வந்திருந்தார். இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வீட்டு மனைக்கு மனு போடுகிறேன், இருக்கிற எல்லாக் கார்டின் நகலும் இரண்டிரண்டு வேண்டும் என்றார். நானும் போய்க் கொடுத்தேன். மனுவில் என் போன் எண்ணையும் எழுதினேன்.

"முன்னாடி பதினாறு, பின்னாடி மூணு, தேதி, கையெழுத்து. போன் நம்பர் வேற" என்று பெண்மணி விரல் மடக்கினார். "இனி அவன் உங்க கார்டத் திருடவே வேண்டியதில்ல. நீங்களே வெரசா கொண்டுபோயிக் குடுத்துட்டீங்க."

"அவரு நல்ல மனுசன்ங்க. டீ வாங்கிக் குடுத்தாரு."

"ரொம்ப வெல ஒசந்த டீயா இருக்கும்ணே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை. அன்றைக்கே கார்டை நிறுத்தச் சொல்ல வேண்டும், புதியது வர மூன்று வாரம் ஆகும் என்றார். நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முப்பத்து நாலு நாள். கார்டுக்கு இருபத்தொன்று, சேலை போய்ச் சேரப் பத்து. மலையில் மண் சரிந்து தபால் நின்றால் எல்லாம் போயிற்று.

"இப்ப எடுத்துட்டு அப்புறமா நிறுத்தினா ஆகாதுங்களா?"

"ஆகாதே. இந்த வருசத்துலேருந்து கார்டு நம்பர் மட்டும் பத்தாது. ரகசியமா ஒரு சொல்லும் போடணும். அத உங்க கார்டுக்கு இன்னும் பதியல. அதுக்கும் பேங்குக்குத்தான் போகணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "காசக் குடுங்க, என் கார்டுல எடுத்துத் தரவா?" என்றார்.

மனம் அசைந்தது. ஆனால் பணம் கட்டியவர் பெயர் சீட்டில் வரும் என்றார். அந்தச் சீட்டு சேலையோடு போகும். மறுபடியும் வேறு ஒருவர் பெயர். "வேண்டாங்க" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் வெள்ளனே பேங்குக்குப் போனேன். இருக்கிற கார்டுக்கே ரகசியச் சொல் பதிய ஒரு வாரம் ஆகும், அதுவரை கார்டு திறந்தே இருக்கும் என்றார் அலுவலர். நிறுத்தினால் புதுக் கார்டுக்குக் காத்திருக்க வேண்டும். யோசித்துச் சொல்லுங்கள் என்று அடுத்தவரைக் கூப்பிட்டார். பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரிடமாவது கேட்கலாம் என்று தோன்றியது. கேட்கக்கூடிய ஆள் யார் என்று எண்ணிப் பார்த்தேன். கடைசியில் எழுந்துபோய், நிறுத்திவிடுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு வாரத்தில் கணக்கு காலியானால் சேலையே கிடையாது. தாமதமானாலும் இருக்கட்டும் என்று நினைத்தேன். அன்று பங்களாவின் பெரிய அறையில் கணப்பு மூட்டி, மிச்சமிருந்த மூன்று நகலையும் அதில் போட்டேன்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்குக் குடையோடு கேட்டருகே நிற்பேன். அவர் தூரத்திலேயே கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.

ஒன்பதாம் நாள் காலை போன் அடித்தது. எங்கள் பங்களாவில் பேரிக்காய் மரத்தடியில், மதிலை ஒட்டி நின்றால்தான் பேச்சு விட்டுப்போகாமல் கேட்கும். ஓடினேன்.

"வணக்கம் சார். பேங்க்லேருந்து பேசறோம். சாப்ட்டீங்களா சார்?"

என்னை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. "சாப்ட்டேன்ங்க" என்றேன்.

"அங்க குளிர் அதிகமா சார்? உடம்பப் பாத்துக்குங்க."

மழையைப் பற்றிச் சொன்னேன். கீழே பாதையில் மரம் விழுந்ததைச் சொன்னேன். அக்கா மகள் கல்யாணத்தைச் சொன்னேன். அந்தக் குரல் அவசரப்படாமல் எல்லாவற்றையும் கேட்டது. ரொம்ப சந்தோசம் சார் என்றது. உங்கள் கார்டு நின்றுபோயிருக்கிறது, திறந்துவிட வேண்டும், சரிபார்க்க நம்பரை மட்டும் சொல்லுங்கள் என்றது. சொன்னேன். பதினாறையும் சொன்னேன். பின்னால் இருக்கும் மூன்றையும் சொன்னேன். பிறகு ஏடிஎம் பின்னைக் கேட்டது.

அங்கேதான் நின்றேன். "அது வீட்டுச் சாவிங்க" என்றேன்.

"என்ன சார்?"

"அதக் குடுக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

போன் வைக்கப்பட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் வந்தது பயம் அல்ல. பேச்சு முடிந்துவிட்டதே என்றுதான் இருந்தது. பயம் பிறகு வந்தது. குடையைக்கூட எடுக்காமல் ஊருக்குள் நடந்தேன்.

நான் சொல்வதைப் பெண்மணி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "முழுசும் சொன்னீங்களா?"

"பின் சொல்லலைங்க."

"அது செத்த கார்டுண்ணே. நீங்க நிறுத்தின அன்னிக்கே முடிஞ்சுபோச்சு. வச்சு விசிறிக்கட்டும்." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "சாப்ட்டீங்களான்னு கேட்டானாக்கும்?" என்றார்.

"ஆமாங்க."

ஒரு துண்டை எடுத்து நீட்டினார், தலையைத் துவட்டிக்கொள்ள. "பேங்க்ல இருந்து எவனும் போன்ல நம்பர் கேக்கமாட்டான். இன்னொண்ணு சொல்றேன். புதுக் கார்டு வந்தா அந்த நம்பர மனப்பாடம் பண்ணாதீங்க. உங்களுக்கே தெரியாதத எவனும் உங்ககிட்ட கேட்டு வாங்க முடியாது. அப்புறம், இந்தப் பக்கம் வந்தா சும்மாவாச்சும் உள்ள வந்துட்டுப் போங்க. சாப்ட்டீங்களான்னு நானும் கேப்பேன். நம்பர் கேக்கமாட்டேன்."

தலையை ஆட்டினேன். ஆனால் சும்மா உள்ளே போகும் பழக்கம் எனக்கு வரவில்லை. அதற்கும் ஒரு சோலி வேண்டியிருந்தது.

இருபத்தொன்றாம் நாள் தபால்காரர் கையை ஆட்டவில்லை, சைக்கிளை நிறுத்தினார். கையெழுத்துப் போட்டு வாங்கிய உறையைப் பிரிக்காமல் பிரவுசிங் சென்டருக்குக் கொண்டுபோனேன். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பலரும் வந்து உட்காரும் கம்ப்யூட்டரில் எவன் என்னத்தை ஏற்றி வைத்திருக்கிறானோ, அதில் வேண்டாம் என்று பெண்மணி சொல்லி, வேறு யாரையும் தொடவிடாத தன்னுடைய கம்ப்யூட்டரின் முன்னால் என்னை உட்காரவைத்தார். கடையின் முகவரியையும் பூட்டுப் படத்தையும் என்னையே பார்த்துச் சொல்லச் சொன்னார். கார்டைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக நானே அழுத்தினேன். நாலு நாலாக வாயில் ஏறப் பார்த்தது. ஏறவிடாமல் இருக்க ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் ஜன்னலைப் பார்த்தேன்.

புதுக் கார்டுக்குப் பேங்கிலேயே பதிந்து அனுப்பியிருந்ததால், ரகசியச் சொல்லை இங்கேயே வைக்கச் சொல்லித் திரை கேட்டது.

"உங்களப் பத்தி யாருக்கும் தெரியாத ஒண்ண வைங்க" என்றார்.

"என்னப் பத்தி யாருக்கும் ஒண்ணும் தெரியாதுங்க."

நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. "அப்ப உங்களுக்குச் சுலபம்ணே" என்று சொல்லி, எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

ஆங்கில எழுத்துகளை நான் கற்றது தேயிலைப் பெட்டிகளின் மேல் அடித்திருந்த அச்சுகளைப் பார்த்து. அவற்றைக் கொண்டு ஒரு சொல்லைக் கட்ட வேண்டும். எனக்கு ஒரே ஒரு சொல்தான் தோன்றியது. சின்ன வயதில் அக்கா என்னைக் கூப்பிட்ட பெயர். அப்பாவும் அம்மாவும்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை. ஒரு விரலால் தேடித் தேடி அடித்தேன்.

"முடிஞ்சுதாண்ணே? காலண்டர்ல இந்த மாசம் பூராத்தையும் படிச்சிட்டேன்."

"இன்னும் ரெண்டு எழுத்துங்க."

அதற்குள் நேரம் கடந்துவிட்டது என்று திரை வெளுத்துவிட்டது. முதலிலிருந்து தொடங்கினோம். அவர் மறுபடியும் சுவரைப் பார்த்து நின்றார். இந்த முறை அடுத்த மாதத்தைப் படித்தார். கடைசியில் பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது. "போயிருச்சு" என்றார். சீட்டை அச்செடுத்து, அதில் என் பெயரும் கார்டின் கடைசி நாலு எண்ணும் மட்டும் இருப்பதைக் காட்டினார். மற்றவை நட்சத்திரங்களாக இருந்தன. வெளியேறும் பொத்தானை என்னையே அழுத்த வைத்தார்.

அதன் பிறகு பன்னிரண்டு நாளும் ஒரு செய்தியும் இல்லை. அக்காவிடம் போன் கிடையாது, கடிதத்தில் நான் எழுதிய என் எண் மட்டும் இருந்தது. கல்யாணத்தன்று காலையிலிருந்தே பேரிக்காய் மரத்தடியில் நின்றேன். மழை விட்டிருந்தது. கிளையிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. முகூர்த்த நேரம் தாண்டியது. மதியமும் தாண்டிவிட்டது. வரவில்லை போலிருக்கிறது என்று திரும்பி நடக்கத் தொடங்கியபோது போன் அடித்தது.

முதலில் மேளச் சத்தம். பிறகு அக்கா. என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அத்தனை சத்தத்துக்கு நடுவில், ஊரே கேட்கும்படி கத்திக் கூப்பிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் போனில் பேசுகிறாளாம்.

"சேல வந்துருச்சிடா! முந்தாநாளு வேன்காரன் லயத்துக்கே கொண்டாந்தான். அரக்குச் செவப்பு. கட்டிக்கிட்டுத்தான் ஒக்காந்துருக்கா."

"தட்ட யாருக்கா தூக்குனது?" என்றேன்.

"பக்கத்து லயத்து ஆளுதான். வேற யாரு இருக்கா? ஆனா அந்தச் சீட்ட சேலைக்கு மேலயே வச்சித் தூக்கச் சொன்னேன். ஒம்பேரு போட்டுருக்குல்ல. சனமெல்லாம் கையில வாங்கி வாங்கிப் படிச்சிச்சி. ஆமா, பேருக்குக் கீழ என்னமோ நட்சத்திரமா போட்டு நாலு நம்பரு இருக்கே, என்னா அது?"

"அது என் கார்டுக்கா."

"மத்த நம்பரு எங்க?"

"அதக் காட்டக்கூடாதுக்கா."

"அடேயப்பா! நம்ம ஆளுக என்னைக்குடா கார்டக் காட்டாம இருந்தோம்?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுகிறாளோ என்று தோன்றியது. அதைத் தெரிந்துகொள்வதற்குள் போன் நின்றுவிட்டது. திரும்ப அடிக்கவில்லை.

ரகசியச் சொல் வேறு ஒருவருக்குத் தெரிந்திருந்தால் மாற்றிவிட வேண்டும் என்று பிரவுசிங் சென்டர் பெண்மணி சொல்லியிருந்தார். நான் மாற்றவில்லை, அவரிடம் அதைச் சொல்லவும் இல்லை. அன்று கேட்டைப் பூட்டும் நேரம்வரை மரத்தடியிலேயே இருந்தேன். பாதையில் யாரும் வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அந்தச் சொல்லை ஒருமுறை நானே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.